கைக்குழந்தையோடு வெளிநாட்டு விமானம்: சிக்கல் எங்கே, சரிசெய்வது எப்படி

கைக்குழந்தையோடு பறக்கும்போது வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் வானத்தில் முளைப்பவை அல்ல. டிக்கெட் போட்ட அன்று சரிபார்க்காமல் விட்டதும், பை கட்டும்போது அடியில் போய்விட்டதும்தான் நடுவானில் அழுகையாக வெளியே வருகின்றன. மீதியில் பெரும்பகுதிக்கு ஒரே காரணம், விமானத்துக்குள் மாறும் காற்றழுத்தம். எந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்களோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். பயணத்துக்கு இன்னும் நாள் இருந்தால் முதலிலிருந்து படியுங்கள்.

ஆன்லைன் செக்-இன் ஆகவில்லை. கவுண்டரில் "குழந்தைக்கு டிக்கெட் இல்லை" என்கிறார்கள்

இவை இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். மடிக்குழந்தை இருக்கும் புக்கிங்கில் ஆன்லைன் செக்-இன் மறுக்கப்படுவது பல நிறுவனங்களில் வழக்கம்தான். ஆவணங்களை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பதற வேண்டாம். கவுண்டர் திறக்கும் நேரத்துக்கே போய்விட்டால் போதும்.

இரண்டாவதுதான் நிஜமான கோளாறு. மடியில் உட்காரும் குழந்தைக்கும் தனி டிக்கெட் உண்டு, அதற்கு 13 இலக்க எண்ணும் உண்டு. சர்வதேசப் பயணத்தில் பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாங்குவது பரவலான வழக்கம். ஒரே புக்கிங்கில் இரண்டு நிறுவனங்களின் விமானங்கள் இருந்தால், முதல் விமானத்தில் குழந்தை பதிவாகி, இரண்டாவதில் பதிவாகாமல் போவதுண்டு. புக்கிங் திரையில் குழந்தையின் பெயர் தெரிவதை வைத்து நம்பிவிடாதீர்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே இரண்டாவது நிறுவனத்துக்கும் தனியாகப் போன் செய்து, "எங்கள் குழந்தையின் டிக்கெட் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எண்ணைச் சொன்னால்தான் டிக்கெட் இருக்கிறது என்று அர்த்தம்.

பிறந்தநாளையும் பாருங்கள். போகும்போது 23 மாதம், திரும்பும்போது இரண்டு வயது நிறைந்துவிட்டது என்றால், திரும்பும் விமானத்தில் தனி சீட் வாங்கியே ஆக வேண்டும். ஒரு பெரியவர் மடியில் ஒரு குழந்தைக்குத்தான் அனுமதி. இரட்டைக் குழந்தைகளோடு ஒருவர் மட்டும் போகிறார் என்றால், இரண்டாவது குழந்தைக்குச் சீட்டும் விமானத்தில் பயன்படுத்த அனுமதியுள்ள கார் சீட்டும் தேவைப்படும்.

பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையைக் கூட்டிப் போகிறார் என்றால், மற்றவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழின் நகலும் கையில் இருக்கட்டும். நோட்டரி முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. தாயின் குடும்பப் பெயரும் குழந்தையின் குடும்பப் பெயரும் வேறாக இருக்கும்போது இந்த இரண்டு தாள்களும் குடிவரவு வரிசையில் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

பாஸ்போர்ட் படம் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகிறது

பெரும்பாலும் நிழல், பிடித்திருப்பவரின் கை, அல்லது சாய்ந்த தலை. சுருக்கம் இல்லாத வெள்ளை விரிப்பில் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுங்கள். படம் எடுப்பவரின் நிழல் முகத்தில் விழாத பக்கமாக நின்றுகொள்ளுங்கள். பால் குடித்து இருபது நிமிடம் ஆன பிறகு முயன்றால் வாய் மூடி, கண் திறந்து கிடைக்கும்.

பாசினெட் கேட்டிருந்தோம், கிடைக்கவில்லை

சுவரில் மாட்டும் அந்தச் சிறு தொட்டில்கள் ஒரு விமானத்தில் சிலதான் இருக்கும். அவை தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள முதல் வரிசை சீட்டுகளுக்கு மட்டும் பொருந்தும். இணையதளத்தில் டிக் செய்தால் அது வெறும் கோரிக்கை. டிக்கெட் போட்ட உடனே போன் செய்து, அந்த வரிசையில் சீட் எண்ணோடு உறுதிப்படுத்துங்கள். குழந்தையின் எடையும் நீளமும் சொல்ல வேண்டியிருக்கும். எடை வரம்பு பல நிறுவனங்களில் 10 அல்லது 11 கிலோவை ஒட்டி இருக்கிறது. சிலவற்றில் இன்னும் குறைவு.

கிடைத்தாலும் அதன் குறைகளைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். முன்னால் சீட் இல்லாததால் காலடியில் பை வைக்க முடியாது; ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேலே போய்விடும். கைப்பிடிக்குள் மேசை மடங்கியிருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது. விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்குகிற குழந்தையையும் எடுத்து மடியில் வைக்கச் சொல்வார்கள். இரவு முழுக்கக் குழந்தை அதில் தூங்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

கிடைக்கவில்லை என்றால், இரண்டு பெரியவர்கள் முறை வைத்துத் தூங்குவதுதான் பாதுகாப்பான வழி. மடியில் குழந்தையோடு அயர்ந்து தூங்கிவிட்டால், முகம் துணியில் அழுந்தியோ குழந்தை நழுவியோ ஆபத்தாகலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று ஏறும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டலாமா

கூடவே கூடாது. சட்டென்று நிற்கும்போது உங்கள் எடை முழுதும் பெல்ட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் குழந்தை மேல் விழும். ஐரோப்பிய நிறுவனங்களும் வேறு பலவும், பெரியவரின் பெல்ட்டில் கோர்க்கும் சிறிய வளைய பெல்ட் தருவார்கள். அமெரிக்க நிறுவனங்கள் அதை அனுமதிப்பதில்லை. கையில் அணைத்துக்கொள்ளச் சொல்வார்கள். உடம்போடு கட்டும் கேரியரையும் ஏறும்போதும் இறங்கும்போதும் பல இடங்களில் கழற்றச் சொல்வார்கள். ஆக்ஸிஜன் முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு, பிறகு குழந்தைக்கு. ஒவ்வொரு வரிசைத் தொகுதியிலும் ஒரு முகமூடிதான் கூடுதலாக இருக்கும் என்பதால், இரண்டு மடிக்குழந்தைகளைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள்.

செக்யூரிட்டியில் பாலை நிறுத்துகிறார்கள்

100 மி.லி. திரவ வரம்பிலிருந்து குழந்தையின் பால், தாய்ப்பால், காய்ச்சி ஆறிய தண்ணீர், மசித்த உணவு ஆகியவற்றுக்குப் பெரும்பாலான நாடுகளில் விலக்கு உண்டு. பயணத்துக்குத் தேவையான அளவு எடுத்துப் போகலாம். நிறுத்தப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் அளவு அல்ல. பைக்குள் புதைந்திருந்த திரவத்தை ஸ்கேனர் காட்டிக்கொடுப்பதுதான். பால் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒரே ஒளிபுகும் பையில் போட்டு, தட்டில் தனியாக வைத்து, பெல்ட்டில் போகும் முன்பே "குழந்தையின் பால்" என்று சொல்லிவிடுங்கள். ஐஸ் பேக் கல் மாதிரி உறைந்திருக்கும்போது தடையில்லாமல் போகும். பாதி உருகியிருந்தால் கேள்வி வரும். உறைய வைத்த தாய்ப்பாலைக் கைப்பையில் அனுமதிக்காத நாடுகளும் உண்டு. புறப்படும் நாட்டின் விதியோடு, மாறும் விமான நிலையத்தின் விதியையும் பாருங்கள். ட்ரான்சிட்டில் மறுபடி ஸ்கேனர் இருந்தால் அங்கே அந்த நாட்டு விதிதான்.

பிரஸ்ட் பம்ப், பாட்டில் சூடாக்கி இவற்றுக்கான பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் போகவே கூடாது. கைப்பையில் 100 வாட் ஹவர் வரை போகலாம். 3.7 வோல்ட்டில் 20,000 எம்.ஏ.ஹெச். என்றால் 74 வாட் ஹவர். 27,000 போட்டிருந்தால் எல்லையை ஒட்டிவிடும். விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை போட்டுள்ள நிறுவனங்கள் உண்டு. அதனால் பம்பை முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு, கையால் இயக்கும் சிறிய பம்ப் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலைத் திறந்ததும் பால் பீய்ச்சி அடிக்கிறது

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலை உச்சியில் இருப்பதுபோல்தான். தரையில் இறுக மூடிய பாட்டிலுக்குள் மாட்டிய காற்று, அங்கே கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விரிய முயலும். பாதி காலியான பாட்டிலில் காற்று அதிகம். அதனால் பீய்ச்சுவதும் அதிகம். உறிஞ்சுகுழல் வைத்த கோப்பை இன்னும் மோசம், குழல் வழியாகவே வெளியே வரும்.

பாட்டிலை நிமிர்த்தி வைத்து, துணியைச் சுற்றிப் பிடித்து, மூடியைக் கால் சுற்று மட்டும் திருகுங்கள். "உஸ்" என்று காற்று வெளியேறியதும் முழுதாகத் திறக்கலாம். நிப்பிளை முன்பே மாட்டி வைக்காமல், தட்டையான அடைப்பு மூடி போட்டு எடுத்துப் போனால் இந்தச் சிக்கல் குறையும். பொட்டலங்களும் இதே காரணத்தால்தான் உப்புகின்றன, அவை கெட்டுப்போய்விடவில்லை.

பால் கலக்க என்ன தண்ணீர், கலந்தது எத்தனை நேரம் தாங்கும்

பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால்தான் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத நீரில் கலந்து, பிறகு ஆற்றிக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். விமானத்தில் டீக்கு வரும் வெந்நீர் பெரும்பாலும் விமானத்தின் தொட்டி நீர். அதைக் குழந்தைக்குக் கொடுக்காமலிருப்பது நல்லது. செக்யூரிட்டி தாண்டியபின், காய்ச்சிய நீரை நல்ல ஃப்ளாஸ்க்கில் கொதிக்கக் கொதிக்க நிரப்பிக்கொள்ளுங்கள். ஆற்றுவதற்கு, மூடிய பாட்டிலைக் குளிர்ந்த நீர் நிரம்பிய கோப்பையில் நிறுத்தி வைத்தால் சில நிமிடம் போதும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் கலந்தே வரும் திரவ ஃபார்முலாதான் பாதுகாப்பு.

அளவுக்கு ஒரு கணக்கு. வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வாசல் வரை 18 மணி நேரம், குழந்தை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை குடிக்கும் என்றால் ஆறு வேளை. தாமதத்துக்கு மூன்று கூட்டி ஒன்பது வேளை. பவுடரை வேளை வேளையாக அளந்து சிறு டப்பாக்களில் போட்டுவிடுங்கள். குலுங்கும் விமானத்தில் ஸ்பூன் கணக்கு தப்பும். நீர் குறைந்து கெட்டியாகப் போனால் குழந்தையின் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் சிரமம். பாட்டிலை விமானக் கழிவறைக் குழாயில் கழுவி மறுபடி பயன்படுத்தாதீர்கள். கிருமி நீக்கி மூடிய பாட்டிலும் நிப்பிளும் தேவையான எண்ணிக்கையில் வேண்டும்.

கலந்த ஃபார்முலாவை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை வாய் வைத்துவிட்டால் 1 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். புதிதாகக் கறந்த தாய்ப்பால் 25 டிகிரி வரையுள்ள அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். உறைந்த ஐஸ் பேக் ஒட்டியிருக்கும் குளிர்ப்பையில் 24 மணி நேரம். பாட்டிலில் கறந்த நேரத்தை எழுதுங்கள், புறப்படும் ஊரின் நேரத்திலேயே. நேர மண்டலம் மாறும்போது மனக்கணக்கு குழம்பிவிடும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: உங்கள் மேசையில் சூடான காபியும் மடியில் குழந்தையும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது.

இறங்கும்போது வீரிட்டு அழுகிறது

காதுதான். நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாக, குறுகலாக, கிடைமட்டமாக இருக்கும். விமானம் ஏறும்போது காதுக்குள் அதிகமாகும் காற்று தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போது நிலைமை தலைகீழ். வெளியே அழுத்தம் கூடும். குழாய் திறந்து காற்று உள்ளே போனால்தான் செவிப்பறை சமநிலைக்கு வரும். விழுங்கும்போதுதான் அந்தக் குழாய் திறக்கும். தூக்கத்தில் விழுங்குவது குறைவு.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஏறும்போதே பால் முழுவதையும் கொடுத்துவிடுகிறார்கள். இறங்கும்போது குழந்தைக்குப் பசியில்லை, அல்லது ஆழ்ந்த தூக்கம். ஏறும்போது தூங்கினால் தூங்கட்டும், எழுப்பவே வேண்டாம். பாலை இறங்கும் நேரத்துக்குச் சேமியுங்கள்.

எதிரே உள்ள திரையில் மிச்ச நேரம் 45 நிமிடம் என்று காட்டும்போது டயப்பரை மாற்றுங்கள். குழந்தை தானாக விழித்துவிடும். சீட் பெல்ட் விளக்கு எரிந்தபின் கழிவறைக்குப் போக விடமாட்டார்கள் என்பதால் அதற்கும் இதுதான் நேரம். 30 நிமிடம் இருக்கும்போது எஞ்சின் சத்தம் தணியும், முன்பக்கம் லேசாகச் சாயும், உங்கள் காதே அடைக்கத் தொடங்கும். அறிவிப்புக்குக் காத்திராமல் அப்போதே பால் கொடுக்க ஆரம்பியுங்கள். பத்து நிமிடத்தில் பாட்டிலைக் காலி செய்யும் குழந்தையானால் பாலை இரண்டாகப் பிரித்து, பாதியை இப்போதும் மீதியைக் கால் மணி கழித்தும் கொடுங்கள். நடுவில் பாசிஃபையர். தலை உயர்ந்திருக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். குடிக்க மறுத்து அழுகிறதா? அழுகைக்கு நடுவிலும் குழந்தை விழுங்கும்; அதுவும் குழாயைத் திறக்கும். அழுகையை நிறுத்தத் தவிக்காமல், நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு முயற்சியைத் தொடருங்கள்.

மூக்கு அடைத்திருந்தால் வலி கூடும். இறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன், ஒவ்வொரு நாசியிலும் ஓரிரு சொட்டு உப்புநீர் சொட்டு மருந்து விடலாம். காதில் சீழோ தொற்றோ இருக்கும் குழந்தையை டாக்டர் பார்க்காமல் ஏற்ற வேண்டாம். தூங்கவைக்க என்று அலர்ஜி மருந்து கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது. மூச்சை மந்தமாக்கலாம்; சில குழந்தைகளுக்கு நேர்மாறாகத் தூக்கமே போய்விடும்.

நடுவழியில் அழுகிறது, காது இல்லை

இந்த வரிசையில் பாருங்கள். முதலில் வயிறு: பாட்டிலில் விரியும் காற்று குடலிலும் விரியும். டயப்பரின் ஒட்டுப்பட்டையை ஒரு விரல் அளவு தளர்த்தி, தோளில் போட்டு ஏப்பம் விட வையுங்கள், முழங்காலை மெல்ல மடக்கி வயிற்றுப் பக்கம் கொண்டுபோங்கள். அடுத்து சூடு: பிடரியைத் தொடுங்கள். வியர்த்திருந்தால் ஒரு அடுக்கு துணியைக் கழற்றுங்கள். குளிர்ந்திருந்தால் ஒன்று கூட்டுங்கள். உள்ளங்கை குளிர்ந்திருப்பது கணக்கில்லை. பிறகு தாகம்: கேபின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழ். வழக்கத்தைவிட அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். எதுவும் இல்லையென்றால் அது அயர்ச்சி. பின்பக்க சமையலறை ஓரம் மங்கலான வெளிச்சத்தில் நின்று ஆட்டினால் எஞ்சின் இரைச்சலே தூங்க வைத்துவிடும்.

டயப்பர் வழிந்துவிட்டது

மடியில் மணிக்கணக்காக உட்காரும்போது அடிப்பக்கம் அழுந்தி, முதுகு வழியே மேலேறும். தொடையைச் சுற்றியுள்ள சுருக்கு ஓரங்கள் உள்ளே மடிந்திருந்தாலும் வழியும். விரலால் ஒரு சுற்று இழுத்து வெளியே விடுங்கள். நீண்ட விமானத்துக்கு ஒரு அளவு பெரிய டயப்பர் நல்லது.

மாற்றும் பலகை எல்லாக் கழிவறையிலும் இருக்காது, எது என்று பணியாளரிடம் கேளுங்கள். டாய்லெட்டின் மேல் மடங்கி இறங்கும் குறுகலான பலகை அது. ஒரு கை எப்போதும் குழந்தை மேல் இருக்க வேண்டும். அதனால் படுக்க வைக்கும் முன்பே நாலு வைப்ஸை இழுத்து ஓரமாக வைத்து, குப்பைக் கவரின் வாயைத் திறந்து, புது டயப்பரை விரித்துவிடுங்கள். பழையதைக் கழற்றும் முன் புதியதை அடியில் நுழைத்துவிட வேண்டும். தோளில் மடிப்பு உள்ள பனியனாக இருந்தால் தலை வழியே கழற்றாமல் கீழே இழுத்துக் கழற்றலாம். அசுத்தம் தலைமுடிக்குப் போகாது.

டயப்பர் எண்ணிக்கைக்கு: மொத்த மணி நேரத்தில் பாதி, அதோடு ஐந்து. 18 மணி நேரத்துக்கு 14. பச்சிளம் குழந்தைக்கு இன்னும் கூட்டுங்கள். எல்லாம் ஒரே பையில் மேலே இருந்தால் பயனில்லை. மூன்று டயப்பர், சிறிய வைப்ஸ் கட்டு, விரிப்பு, இரண்டு குப்பைக் கவர், ஒரு செட் துணி இவற்றைக் கைக்கடக்கமான தனிப் பையில் போட்டு முன் சீட்டின் பையில் செருகுங்கள். துணி செட்டுகளைத் தனித்தனி ஜிப் கவரில் போட்டால், அழுக்கானது அதே கவருக்குள் போய்விடும். உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை எடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ஸ்ட்ரோலர் விமான வாசலில் வரவில்லை

கேட்டில் ஒப்படைத்தது இறங்கும் வாசலிலேயே திரும்பும் என்ற உறுதி இல்லை. சில விமான நிலையங்களில் பெட்டிகள் வரும் பெல்ட்டுக்குத்தான் போகும். டேக் கட்டும்போதே எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். ட்ரான்சிட்டில் கிடைக்காது என்றால் துணிக் கேரியர் இல்லாமல் சமாளிக்க முடியாது.

போய்ச்சேர்ந்தபின் இரவெல்லாம் விழிக்கிறது

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பகல் இரவுப் பழக்கமே இன்னும் உறுதியாகவில்லை. அதன் போக்கில் விடுங்கள். பெரிய குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம் வீதம் சரியாகும். காலையில் வெயில் வெளிச்சத்தில் அரை மணி நேரம், இரவு விழித்தால் விளக்கு போடாமல், விளையாட்டுக் காட்டாமல் பால் மட்டும். முதல் இரண்டு நாள் எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

ஆறு முதல் எட்டு மணி நேரம் டயப்பர் நனையவில்லை, வாய் வறண்டிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் அது நீர் வற்றிய அறிகுறி. உடனே டாக்டரிடம் போங்கள். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் அடித்தாலும் அப்படியே. பாராசிட்டமால் சொட்டு மருந்தின் செறிவு நாட்டுக்கு நாடு வேறுபடும். அங்கே வாங்கியதை இங்கே கொடுத்த அதே மி.லி. கணக்கில் கொடுத்தால் பல மடங்கு கூடிவிடலாம். பழகிய மருந்தையும் அதன் சிரிஞ்சையும் உங்கள் டாக்டர் எடைக்கேற்ப எழுதித் தந்த அளவோடு கைப்பையிலேயே கொண்டுபோங்கள்.